பேரரசுகள் ஏன் விழுகின்றன? பதுளையில் நின்று பார்த்தால்…

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள். நேரம் இல்லாதவர்கள் சேமித்து வைத்து லீவு நாளில் வாசிக்கலாம்.

தரம் 11 பிள்ளைகளுக்குக் கண்டி இராச்சியத்தின் வீழ்ச்சியைப் படிப்பித்துக்கொண்டிருந்தோம். பாடம் முடியும் நேரத்தில் ஒரு பிள்ளை எழுந்து, "சேர், ஹஜ்ஜி எண்டவர் துரோகியா?" என்று கேட்டான். டியூஷனில் இன்னொரு பிள்ளை அவனிடம், "உங்கட ஆக்கள்தானே வெள்ளைக்காரனுக்கு உதவி செஞ்சது" என்று சொல்லியிருக்கிறான். இவனுக்குப் பதில் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் எங்களுக்கும் அந்த இடத்தில் சட்டென்று வாய் வரவில்லை. "நாளைக்குச் சொல்றோம்" என்று சமாளித்துவிட்டு வந்துவிட்டோம்.

மேடைகளில் நம்மவர்கள் எப்போதும் சொல்லும் ஒரு கதை இருக்கிறது. மஹியங்கனைப் பக்கம் பங்கரகம்மனையில் ஒரு முஸ்லிம் பெண், போர்த்துக்கேயரிடமிருந்து தப்பி ஓடிவந்த மன்னனை மரப்பொந்தில் ஒளித்து வைத்தாள், காட்டிக்கொடுக்க மறுத்து உயிரை விட்டாள் என்ற கதை. நல்ல கதை. சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஹஜ்ஜியின் கதையை நாம் எந்த மேடையிலும் சொல்வதில்லை. அதனால்தான் அந்தக் கதை நம் பிள்ளைகளுக்கு டியூஷன் வகுப்பில் ஒரு குத்தலாக வந்து சேர்கிறது.

அந்தப் பிள்ளைக்கு ஒழுங்காகப் பதில் சொல்வதென்றால் இன்னொரு கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். பெரிய அரசுகள் ஏன் விழுகின்றன? இதற்கு ரோமாபுரிக்குப் போகத் தேவையில்லை. முதியங்கனை விகாரையடியிலிருந்து வெல்லவாய வரைக்கும், மடுல்சீமையிலிருந்து தியத்தலாவை வரைக்கும் ஒரு நாள் பயணம் போனாலே போதும்.

முதலில் ஒரு பெரியவரைப் பற்றி இரண்டு வார்த்தை. இப்னு கல்தூன், 1332இல் தூனிஸில் பிறந்தவர். வட ஆபிரிக்காவிலும் ஸ்பெயினிலும் ஒன்றன்பின் ஒன்றாக அரசுகள் எழுந்து விழுவதை அரண்மனைக்குள் இருந்தே பார்த்தவர். சிறையிலும் இருந்திருக்கிறார். 1377இல் 'முகத்திமா'வை எழுதினார். ஒரு கூட்டத்தாரை ஒன்றாகக் கட்டி வைத்திருக்கும் பிணைப்பை அவர் 'அஸபிய்யா' என்றார். ஓர் அரசு எழும்புவது அந்தப் பிணைப்பால். ஆட்சி கையில் வந்து ஒன்றிரண்டு தலைமுறை போனதும், அரசன் தன்னோடு கூட நின்றவர்களையே போட்டியாகப் பார்க்கத் தொடங்குகிறான். அவர்களைத் தள்ளிவிட்டு, தன்னையே நம்பி வாழும் வெளியாட்களையும் கூலிப்படையையும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறான். செலவு கூடுகிறது, வரி கூடுகிறது, ஆனால் வருமானம் குறைகிறது. அதன்பிறகு வெளியிலிருந்து ஒரு சின்னத் தள்ளு போதும். அவர் சொன்னதன் சாராம்சம் இது. இனி நம்முடைய ஊருக்கு வருவோம்.

1630ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம். போர்த்துக்கேயரின் இலங்கைத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா படையோடு ஊவாவுக்குள் வந்தான். பதுளையை எரித்தான், சூறையாடினான். அப்போது கண்டியில் செனரத் மன்னன், ஊவா அவருடைய மகன் குமாரசிங்கனின் பொறுப்பில் இருந்தது. இந்த டி சா நமக்குப் புதியவன் அல்ல. 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் பகுதியிலிருந்த முஸ்லிம்களைத் துரத்தியபோது தளபதியாக இருந்தவன் இவன்தான். அப்படி வந்தவர்களைத்தான் செனரத் மன்னன் ஏற்று, பெருந்தொகையானவர்களை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினார்.

டி சாவின் படையில் போர்த்துக்கேயர் சில நூறு பேர்தான். மற்ற ஆயிரக்கணக்கானவர்கள் லஸ்கரின்கள், அதாவது கரையோரத்துச் சிங்களப் படைவீரர்கள். அவர்களை நடத்தியவர்கள் ஞானஸ்நானம் பெற்று டொன் பட்டத்தோடு திரிந்த முதலியார்கள். டொன் கொஸ்மோ, டொன் தியோதோசியோ, டொன் அலெய்க்ஸோ, டொன் பல்தசார் என்று அவர்களுடைய பெயர்கள் இன்றும் இருக்கின்றன. போர்த்துக்கேயர் அவர்களுக்கு நிலமும் பட்டமும் மதமும் கொடுத்தார்கள், ஆனால் சமமான இடத்தைக் கொடுக்கவில்லை. இவர்கள் கண்டியோடு இரகசியமாகப் பேசி வைத்திருந்தார்கள். ஊவாவுக்குப் படையெடுக்கலாம் என்று டி சாவைத் தூண்டியவர்களும் இவர்களே.

பதுளையை எரித்துவிட்டுத் திரும்பும் வழியில் கண்டிப் படை சூழ்ந்தது. வெல்லவாயவுக்கு அண்மையில் ரந்தெனிவெலவில், சண்டை தொடங்கும் நேரத்தில் லஸ்கரின்கள் மறுபக்கம் திரும்பிவிட்டார்கள். மழை வேறு. வெடிமருந்து நனைந்துவிட்டது. டி சா அங்கேயே செத்தான். படையும் அழிந்தது.

போர்த்துக்கல் அன்று பத்துப் பதினைந்து இலட்சம் பேர் மட்டும் வாழ்ந்த சின்ன நாடு. அதை வைத்துக்கொண்டு பிரேசிலிலிருந்து மக்காவு வரைக்கும் கோட்டை கட்டினார்கள். அந்தக் கோட்டைகளில் நிற்க ஆள் இல்லை. ஆகவே எங்கு போனாலும் உள்ளூர்க்காரனின் தோளில் ஏறி நின்றுதான் சண்டை பிடிக்க வேண்டும். ரந்தெனிவெலவில் அந்தத் தோள் விலகியது. அதன்பின் ஒல்லாந்தர் வந்தார்கள், 1656இல் கொழும்பு, 1658இல் யாழ்ப்பாணம், எல்லாம் போயிற்று.

ஒல்லாந்தரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் மலைநாட்டுக்குள் நிலைக்கவில்லை. அவர்களுடையது ஒரு கம்பனி. மேலிருந்து கீழ்வரை எல்லோரும் சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்து, கடைசியில் கம்பனி வங்குரோத்தாகி 1799இல் கலைக்கப்பட்டது. கம்பனிப் பெயரின் மூன்று எழுத்துக்களை வைத்து 'ஊழலால் அழிந்தது' என்று ஒல்லாந்தரே பகிடி பண்ணினார்களாம்.

கண்டியின் கதைதான் நாம் நின்று யோசிக்க வேண்டியது. 1803இல் பிரித்தானியர் கண்டிக்குள் வந்தார்கள். நோய், மழை, பசி. விட்டுவிட்டுப் போன காவற்படை மேஜர் டேவியின் கீழ் சரணடைந்து வட்டாபுளுவவில் கொல்லப்பட்டது. பன்னிரண்டு வருடம் கழித்து, 1815 பெப்ரவரியில் அதே பிரித்தானியர் அதே மலையேறி வந்தார்கள், சொல்லும்படியான எதிர்ப்பு இல்லாமல் நகருக்குள் நுழைந்தார்கள். 18ஆம் திகதி ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் மெதமகநுவரப் பக்கம் பிடிபட்டார். பீரங்கி அதேதான். மலையும் அதேதான். இந்தப் பன்னிரண்டு வருடத்தில் மாறியது மன்னனுக்கும் பிரதானிகளுக்கும் இடையில் இருந்த உறவு.

1739இலிருந்து கண்டியை ஆண்டவர்கள் நாயக்கர் வம்சத்தார், தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள். அவர்களை ஏற்றுச் சிம்மாசனத்தில் வைத்தவர்கள் சிங்களப் பிரதானிகள்தான். 1766 ஒப்பந்தத்தில் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் கைக்குப் போனது. உப்புக்குக்கூட மற்றவனின் துறைமுகத்தைப் பார்க்க வேண்டிய நிலை. 1798இல் கண்ணுசாமி என்ற இளைஞனை ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனாக்கியவர் பிலிமத்தலாவை. சொன்னபடி கேட்பான் என்று நினைத்தார். அந்தப் பிள்ளை கேட்கவில்லை. பிரதானிகளின் அதிகாரத்தை ஒடிக்கத் தொடங்கினார். பிலிமத்தலாவைக்கு மரண தண்டனை. அடுத்து வந்த எஹெலபொல 1814இல் பிரித்தானியர் பக்கம் ஓடியதும், அவருடைய மனைவியும் பிள்ளைகளும் கொல்லப்பட்டார்கள். சனங்களை வாட்டி வேலை வாங்கி ஏரி கட்டினார், நகரை அழகாக்கினார். ஜோன் டொய்லி கொழும்பில் இருந்துகொண்டு ஒவ்வொரு பிரதானிக்கும் ஓலை அனுப்பிக்கொண்டிருந்தது தெரியாமலே போய்விட்டது, அல்லது தெரிந்தும் செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

இப்னு கல்தூன் இதை வாசித்திருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம். பிரதானிகள் கையெழுத்து வைத்தார்கள். 'மலபார்' இனத்தார் இனிமேல் கண்டிச் சிம்மாசனத்துக்கு உரிமை கோர முடியாது என்று அதில் எழுதப்பட்டது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டே வருடம். 1817இல் வெல்லஸ்ஸவில் ஒருவர் தோன்றினார். வில்பாவே என்ற முன்னாள் பிக்கு. ஆனால் அவர் சொன்னது, தான் துரைசாமி, நாயக்கர் வம்சத்து இளவரசன் என்று. ஊவாவின் மக்களும் பிரதானிகளும் அந்தப் பெயரின் பின்னால்தான் திரண்டார்கள். 'மலபார்' என்று சொல்லி ஒரு மன்னனை இறக்கிய அதே நாட்டில், ஒரு சிங்களவர் தமிழ்ப் பெயரைச் சொல்லி மன்னராக வேண்டியிருந்தது. எமது பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் போய்விடும் இந்த விஷயத்தைப் பிள்ளைகளிடம் சொன்னால் வகுப்பே அமைதியாகிவிடும்.

இப்போது ஹஜ்ஜி.

கண்டி இராச்சியத்தில் முஸ்லிம்களின் முக்கியமான வேலை தவளம். மாட்டின் முதுகில் பொதியேற்றி, கரையிலிருந்து உப்பும் கருவாடும் புடைவையும் மலைக்குக் கொண்டுவந்து, பாக்கும் மற்றப் பொருட்களும் கரைக்குக் கொண்டுபோவது. அரசனுக்கான அந்தப் போக்குவரத்துச் சேவைக்கு 'மடிகே' என்று தனியான பகுதியே இருந்தது. வெல்லஸ்ஸ முஸ்லிம்களும் மற்றவர்களைப் போல திசாவையின் கீழ்தான் வாழ்ந்தார்கள். பெரிய சண்டை சச்சரவு இல்லாத வாழ்க்கை.

பிரித்தானியர் வந்ததும் செய்த முதல் வேலைகளில் ஒன்று, வெல்லஸ்ஸ முஸ்லிம்களைத் திசாவை மில்லேவவின் அதிகாரத்திலிருந்து பிரித்தெடுத்து, அவர்களுக்கென்று ஹஜ்ஜியை முஹந்திரமாக நியமித்தது. நம்மவர்களுக்கு அது ஒரு கௌரவமாகத் தெரிந்திருக்கும். கேட்டுத்தான் வாங்கினார்கள் என்றாலும் குற்றம் சொல்ல முடியாது. யாருக்குத்தான் பதவி கசக்கும்? ஆனால் மில்லேவவின் பக்கத்திலிருந்து பாருங்கள். பரம்பரை பரம்பரையாகத் தன் வீட்டு வாசலில் வந்து நின்றவர்கள், ஒரு வெள்ளைக்காரனின் கடிதத்தால் இனித் தன் கையில் இல்லை.

பிரித்தானியர் இதை அன்பினால் செய்யவில்லை. மலைநாட்டில் அவர்களுக்குக் கால் ஊன்ற இடம் இல்லை. பிரதானிகளை நம்ப முடியாது என்று தெரிந்துவிட்டது. ஆகவே தங்களையே நம்பி நிற்கக்கூடிய ஒரு சின்னச் சமூகத்தைத் தேடினார்கள். அரண்மனைக்குள் வெளியாட்களைக் கொண்டுவரும் அரசன் பற்றி இப்னு கல்தூன் சொன்னது இதுதான். வித்தியாசம் என்னவென்றால், இங்கே வெளியாள் ஆக்கப்பட்டவர்கள் நூற்றாண்டுக் கணக்காக உள்ளூரில் வாழ்ந்தவர்கள்.

வில்பாவே தோன்றிய செய்தி வந்ததும், பதுளையில் இருந்த அரசாங்கப் பிரதிநிதி சில்வெஸ்டர் வில்சன், ஹஜ்ஜியைத்தான் ஆட்களோடு அனுப்பினார். முதலில் போகவேண்டியவன் எப்போதும் அவன்தானே. கிளர்ச்சிக்காரர்கள் ஹஜ்ஜியைப் பிடித்துக் கொன்றார்கள். அதன்பின் வில்சன் தானே புறப்பட்டுப் போனார். 1817 செப்டம்பரில் அவரும் அம்பு பட்டு இறந்தார். கிளர்ச்சி ஊவாவிலிருந்து பரவியது. அடக்க அனுப்பப்பட்ட ஊவாவின் திசாவை கெப்பெட்டிபொலவும் கிளர்ச்சிக்காரர்களோடு சேர்ந்தார். ரந்தெனிவெலவில் நடந்ததேதான். அனுப்பப்பட்ட தோள் மறுபக்கம் திரும்பியது.

ஆனால் முடிவு வேறாக இருந்தது. ஆளுநர் பிரவுன்ரிக் இந்தியாவிலிருந்தும் படை வரவழைத்தார். ஊவாவில் வீடுகள், வயல்கள், குளங்கள், மாடுகள், பழமரங்கள் என்று ஒன்றையும் விடவில்லை. படையோடு இருந்த வைத்தியர் ஜோன் டேவி பின்னர் எழுதிய நூலில், தங்கள் பக்கம் சுமார் ஆயிரம் பேர் இறந்தார்கள், நாட்டு மக்கள் பக்கம் போரிலும் பசியிலும் நோயிலும் பத்தாயிரம் பேர் வரை இறந்திருக்கலாம் என்று கணக்கிடுகிறார். கெப்பெட்டிபொல 1818 நவம்பர் 26ஆம் திகதி தலை வெட்டப்பட்டார். அவருடைய மண்டையோட்டை எடின்பரோவுக்குக் கொண்டுபோனார்கள். அது திரும்பி வந்தது 1948இல்.

விசுவாசமாக இருந்ததற்குப் பரிசாக, முஸ்லிம்களைப் பிரதானிகளின் அதிகாரத்திலிருந்து விலக்கி நேரடியாக அரசாங்கத்தின் கீழ் வைத்தார்கள். அன்றைக்குச் சலுகை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரனின் வயல் எரிந்து கிடக்கும்போது கிடைத்த சலுகை அது. அந்தப் பிள்ளையிடம் டியூஷனில் கேட்ட கேள்வி எங்கிருந்து வருகிறது என்று இப்போது விளங்கும்.

அழிந்த ஊவாவின் மேல்தான் தோட்டங்கள் வந்தன. 1840இல் காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத நிலமெல்லாம் முடிக்குரியது என்றது. கோப்பி வந்தது. யானை சுட்டே பெயர் வாங்கிய மேஜர் ரோஜர்ஸ் பதுளையில் அதிகாரியாக இருந்தார். ஆயிரத்து நானூறு யானைக்கு மேல் சுட்டதாகக் கணக்கு. 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். நகரில் உள்ள சென். மார்க்ஸ் தேவாலயம் அவர் நினைவாகக் கட்டப்பட்டது.

1869இல் கோப்பி இலையில் துரு நோய் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது நம்முடைய மடுல்சீமையில். பதினைந்து வருடத்துக்குள் கோப்பி முடிந்தது. 1884இல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஒரியண்டல் வங்கியும் விழுந்தது. இவ்வளவு நடந்தும் பேரரசு விழவில்லை. ஏன்? எங்கள் அபிப்பிராயம் இது: ரந்தெனிவெலவிலும் வெல்லஸ்ஸவிலும் விலகிய தோள்களைப் பார்த்து, விலகவே முடியாத தோள்களை அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து கங்காணி மூலம் கொண்டுவரப்பட்ட மக்கள். வரும்போதே கடன். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் அந்தக் கடனை எழுதிய 'துண்டு' வேண்டும். 1921வரை அந்த முறை இருந்தது. கோப்பி விழுந்தபோது கூலி கிடைக்காமல் போனவர்கள் அவர்கள். தேயிலையை நட்டதும் அவர்கள். பதுளைக்கு 1924இல் ரயில் வந்தபோது அதில் ஏறிப்போனதும் அவர்கள் கொய்த கொழுந்து.

அந்தத் தோளும் ஒருநாள் அசைந்தது. 1940இல், பதுளைக்குப் பக்கத்தில் வெவெஸ்ஸ தோட்டத்தில் சமசமாஜக் கட்சியின் தொழிற்சங்கத்தோடு சேர்ந்து தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், தங்களுக்குள் சபை தெரிவு செய்தார்கள். அடுத்த மாதமே அந்தக் கட்சியின் தலைவர்கள் தடுத்து வைக்கப்பட்டார்கள். அதே காலத்தில் பிரித்தானியா உலகப் போரில் கடனாளியாகிக்கொண்டிருந்தது. 1900இல் ஐயாயிரம் போயர் கைதிகளைத் தியத்தலாவையில் கொண்டுவந்து அடைத்த அரசு, 1942இல் சிங்கப்பூரைப் பாதுகாக்க முடியாமல் சரணடைந்தது. இந்தியா 1947இல் போனது. 1948 பெப்ரவரி 4இல் இங்கே கொடி இறங்கியது.

கொடி இறங்கிய அதே வருடம் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தோட்டத்து மக்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கணக்குப் போட்டார்கள்: ஐந்து இலட்சத்து இருபத்தைந்தாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்ப்போம் என்று. பதுளை ஸ்டேஷனில் அந்த நாட்களில் நடந்த அழுகையைப் பார்த்தவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள்.

பேரரசு போகும்போது அதன் தலைவன் வேலூருக்குப் போவான், அல்லது கப்பலேறி லண்டனுக்குப் போவான். ஹஜ்ஜியின் ஆட்கள் எங்கே போவார்கள்? தோட்டத்து லயத்தில் இருந்தவர்கள் எங்கே போவார்கள்?

அடுத்த நாள் வகுப்பில் அந்தப் பிள்ளையிடம் சொன்னோம்: "மகன், ஹஜ்ஜி துரோகியும் இல்ல, வீரனும் இல்ல. தனக்குக் கிடைச்ச பதவிக்கு என்ன விலை எண்டு தெரியாம வாங்கின மனுஷன். அந்த விலைய முதல்ல குடுத்ததும் அவர்தான். பிழை நடந்திருக்கு, அத மறைக்கத் தேவையில்ல. உன்ட கூட்டாளிக்கிட்ட ரந்தெனிவெலவையும் சொல்லு, துரைசாமிட பேரையும் சொல்லு, ஹஜ்ஜியையும் சொல்லு." அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப சேர், எங்கட ஊர்ல தவளம் கட்டின ஆக்கள்ட வீடு இப்பயும் இருக்கா?" என்று கேட்டான்.

அதற்கும் எங்களிடம் பதில் இருக்கவில்லை. பதுளை, பசறை, பிபிலை, மஹியங்கனைப் பக்கம் உங்கள் வீட்டு மூத்தவர்கள், உம்மம்மாமார், அப்பாமார் தவளம் பற்றியோ, கரையிலிருந்து உப்பு வந்த பாதை பற்றியோ ஏதாவது சொல்லியிருந்தால் கீழே எழுதுங்கள். தோட்டத்து உறவுகளும் எழுதுங்கள், 1964க்குப் பிறகு போனவர்களின் கதை உங்கள் வீடுகளில் இருக்கும். அடுத்த தவணையில் பிள்ளைகளைக் கொண்டு அவற்றை ஒரு கொப்பியில் எழுத வைக்க எண்ணியிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.